ஓர்மை உள்ளவர்கள்

1

நாஞ்சில் நாட்டு நாவல்களில் கிழவர்களுக்குப் பஞ்சமில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலில் (1964) கண்ணப்பச்சி. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) தாமோதர ஆசான். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலில் (1968) உண்ணாமலை ஆச்சி. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் (1997) முஸ்தபாக்கண்ணு. நாவலுக்குள் இவர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே உத்தியோகம்தான்: ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பது.

நாஞ்சில் நாடு என்று இங்கே தளர்வாகச் சொல்கிறேன். கணக்காகப் பார்த்தால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. இரணியலும் தேங்காய்ப்பட்டணமும் அதற்கு மேற்கே இருப்பவை. ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்தச் சிறு மாவட்டம் முழுவதற்கும், ஞாபக விஷயத்தில், ஒரே ஜாதகம்தான்.

மேலே சொன்ன கிழவர்களை நம் விமர்சனம் எப்படி எதிர்கொண்டது? மண்வாசனை என்றது. வட்டார வழக்கின் அழகு என்றது. போனால் போகிறதென்று, மறைந்து கொண்டிருக்கும் ஒரு காலத்தின் சாட்சிகள் என்றது. இந்த மூன்றாவது வார்த்தையில் மட்டும் கொஞ்சம் சாரம் இருக்கிறது. ஆனால் சாட்சி என்று சொன்ன பிறகு கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. எல்லாக் கிழவர்களும் ஒரே மாதிரியாகவா ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? உட்கார்ந்து தின்றவனின் ஞாபகமும் ஏறி இறங்கித் தின்றவனின் ஞாபகமும் ஒன்றுதானா? அதைவிட முக்கியமாக, சாட்சிக் கூண்டில் ஏற யாருக்கு அனுமதி கிடைத்தது?

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி நிர்ப்பந்திக்கப்பட்டானோ அதுதான் முதுமையில் அவனிடம் தங்குகிறது. மற்றது போய்விடுகிறது, அல்லது பெருமையாகத் திரிந்துவிடுகிறது. நம் நாவலாசிரியர்கள் இதைத் தங்கள் பாத்திரங்கள் மூலம் துல்லியமாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். ஆனால் இதே உண்மையை அவர்கள் ஒரு வாசலுக்கு அப்பால் கொண்டு செல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த வாசலைப் பற்றியது.

2

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் கிழவர்களில் பலர் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள். காரணம் ஜோதிடம் அல்ல. ஆதாருக்குப் பதிவு செய்தபோது வயதை மட்டும் குத்துமதிப்பாகச் சொன்னவர்களுக்கு, வருஷத்தைக் கழித்துப் பார்த்து ஜனவரி 1 என்று விழுந்துவிட்டது.

முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒருவர் ஒருநாள் வந்தார். விளவங்கோடு பக்கம். பனையேறியாக இருந்தவர். கே.ஒய்.சி. படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறந்த தேதி கேட்டேன்.

"பொறந்த தேதியெல்லாம் ஆருக்கு ஓர்மை இருக்கு சாரே? மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் வெடி வச்ச அன்னைக்கி நான் மாட்ட அவுத்துக்கிட்டு நின்னேன். அம்மைதான் ஓடி வந்து இழுத்துட்டுப் போனா."

அவர் சொன்னது 1954 ஆகஸ்ட் 11. தெற்கெல்லைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். படிவத்தில் இதை எழுத இடமில்லை. கைப்பேசி எண் கேட்டேன். தெரியவில்லை. வாரிசாக யாரைப் போட்டிருந்தோம் என்பதும் தெரியவில்லை. போன தடவை எப்போது வந்தார் என்பது தெரியவில்லை. பாவம், மறதி வந்துவிட்டது என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

கைரேகை இயந்திரம் அவர் விரலை ஏற்க மறுத்தது. வாழ்நாள் முழுவதும் பனஞ்செதிலில் உரசிய விரல்கள். துணியால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த இடைவெளியில், நேரம் போக, எத்தனை மரம் ஏறினீர்கள் பாட்டா என்று கேட்டேன். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. நடக்க ஆரம்பித்தார். கிணற்றடியில் இரண்டு. அதில் ஒன்று ஆண்பனை, சீக்கிரம் சுரக்கும். அதைத் தாண்டி ஓடைக்கரையில் வளைந்த ஒன்று, காற்றுக் காலத்தில் தளைநார் வழுக்கும். அதற்கு மேற்கே மூன்று, மூன்றும் ஒரே உயரம், உச்சியில் நின்றால் கடல் தெரியும். எந்த மரத்தின் கலயத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடத் தடவ வேண்டும், எந்த மரத்தின் அக்கானி கருப்புக்கட்டிக்கு நன்றாகத் திரளும் என்பது உட்பட வரிசையாக வந்துகொண்டிருந்தது. பதினொன்றாவது மரத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "சரி பாட்டா, இப்ப விரல வைங்க" என்றேன். ரேகை விழுந்தது. போய்விட்டார்.

நிறுத்தியது நான்தான். வரிசையைக் காரணம் காட்டலாம். ஆனால் அன்று மாலை பஸ்ஸில் போகும்போது, நாஞ்சில் நாட்டு நாவல்களில் எதுவும் இந்த மனிதரைப் பன்னிரண்டாவது மரம் வரை பேச விட்டிருக்குமா என்ற கேள்வி வந்தது. விட்டிருக்காது என்றுதான் எனக்குப் பட்டது.

3

டாக்டர்களிடமும் ஒரு படிவம் இருக்கிறது. 1975-ல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹ்யூவும் அமெரிக்காவில் உருவாக்கிய மனநிலைப் பரிசோதனை, மறதி நோயைக் கண்டுபிடிக்க உலகம் பூராவும் பயன்பட்டது. இன்று என்ன தேதி? 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா. ஒரு வாக்கியம் எழுது. இந்தப் படத்தைப் பார்த்து வரை. பள்ளிக்கூடம் போனவனுக்கு இது ஞாபகப் பரிசோதனை. போகாதவனுக்குப் பள்ளிக்கூடப் பரிசோதனை. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாத முதியவர்களை ஆராயப் போனவர்கள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள். 1995-ல் அவர்கள் வெளியிட்ட ஹிந்தி வடிவத்தில் கேள்விகள் மாறின. கழித்தல் கணக்குக்குப் பதில் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல் என்றார்கள்.

ஒரு மனிதனின் மூளையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவன் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை மருத்துவம் 1995-ல் கண்டுகொண்டது. நம் நாவல்கள் அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே கேட்டுவிட்டன. 'புத்தம் வீடு' என்று தலைப்பே வைத்துக் கேட்டன. ஆனால் வீடு இருந்தவர்களிடம் கேட்டன.

இதைச் சொல்வதால் மறதி நோய் வெறும் பரிசோதனைக் கோளாறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் நிஜம். 2023-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படிப்புக் குறைந்தவர்களிடம் அதிகம். இதில் ஒரு பங்கு பரிசோதனையின் குருட்டுத்தனமாக இருக்கலாம். இன்னொரு பங்கு வாழ்க்கை செய்த சேதம். படிப்பு மறுக்கப்பட்டவனின் மூளைக்கு முதுமையில் சேமிப்பு குறைவு என்பதை மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பின்னணி என்று நாம் சொல்வது முதுகுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை அல்ல, மண்டைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் சேமிப்பு என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் சேர்வதா? கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-ல் எழுதிய ஞாபகம் பற்றிய நூலில் ஸ்வாஸி இனத்து மாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். தன் முதலாளி ஒரு வருஷத்துக்கு முன்பு வாங்கிய மாடுகளை, நிறம், அடையாளம், விலை, விற்றவர் சகிதம், ஏறக்குறையப் பிழையில்லாமல் சொல்கிறார். முதலாளி நோட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதே இனத்தவருக்கு மற்ற விஷயங்களில் சாதாரண ஞாபகம்தான். பார்ட்லெட் இதற்கு மாயம் எதுவும் சொல்லவில்லை. மாடு அந்தச் சமூகத்தின் உயிர்நிலை. ஆகவே மாடு ஞாபகத்தில் நிற்கிறது. என் பனையேறியின் ஞாபகமும் இதே ரகம். அவர் மரங்களை மனப்பாடம் செய்யவில்லை. தினமும் ஏறினார். ஒவ்வொரு தடவையும் கால் தவறினால் என்ன என்பது தெரிந்து ஏறினார்.

4

இனி நாவல்களுக்கு வரலாம். முதலில் நாற்காலி.

முஸ்தபாக்கண்ணு தேங்காய்ப்பட்டணத்தில் சவ்தா மன்ஸில் என்ற பழைய வீட்டின் கடைசி எஜமான். உழைத்ததில்லை. உழைப்பது கௌரவக் குறைவு. சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். வாய்க்கு ருசியாக வேண்டும். அதற்காக வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. மார்த்தாண்டவர்மா மகாராஜா காலத்து (1729-1758) முன்னோரின் பெருமை மட்டும் விலைக்குப் போகாமல் நிற்கிறது, வாங்க ஆள் இல்லாததால்.

மீரானின் நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. முஸ்தபாக்கண்ணுவிடம் இருக்கும் ஞாபகத்தில் அவருடைய சொந்த அனுபவம் மிகக் குறைவு. அது முன்னோர்களுடையது. கேட்டுக் கேட்டுத் தங்கியது. எதையும் தானே செய்து பழகாத மனிதனுக்குத் தன் ஞாபகம் என்று என்ன இருக்கும்? எது எங்கே இருக்கிறது என்பதை வேலைக்காரர்களும் மனைவியும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் அவசியமே ஏற்படவில்லை. இருநூறு வருஷத்து வாள் பளபளவென்று தெரிகிறது. மனைவி மரியம் பட்ட அடி தெரிவதில்லை. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் வெளியே போகும்போது, அதைத் தொட்டுப் புழங்கியவர்களின் ஞாபகத்தில் ஒரு துண்டு போகிறது. அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வருகிறது, அவ்வளவுதான். உட்கார்ந்து தின்ற வாழ்க்கை முதுமையில் எப்படிப்பட்ட ஞாபகத்தை மிச்சம் வைக்கும் என்பதைத் தமிழில் இவ்வளவு இரக்கமில்லாமல் எழுதிய நாவல் வேறு எனக்குத் தெரியாது.

கண்ணப்பச்சி இவருக்கு உறவு, ஆனால் தூரத்து உறவு. 'புத்தம் வீடு' பழசாகிவிட்ட பிறகும் பெயரில் புதுசாகவே இருக்கிறது. அந்த முரணுக்குள்தான் கிழவர் உட்கார்ந்திருக்கிறார். இவர் முஸ்தபாக்கண்ணு அல்ல. பேத்தி லிஸி மேல் இவருக்கு உண்மையான பாசம் உண்டு. ஹெப்சிபா திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர். ஆனாலும் அவர் கிழவரை வெளியிலிருந்து பரிகசிக்கவில்லை. வீட்டின் அந்தஸ்து போய்விட்டது என்பது கிழவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதற்கு அவருக்கு ஞாபகம் தேவைப்படுகிறது. அதாவது ஞாபகம் இங்கே கூரை. மழை ஒழுகாமல் காப்பது அல்ல, ஒழுகுவதைப் பார்க்காமல் இருக்க உதவுவது.

மூன்றாவது உண்ணாமலை ஆச்சி. இங்கே விஷயம் சிக்கலாகிறது. ஆச்சி சும்மா உட்கார்ந்தவள் அல்ல. இரணியல் செட்டிமார் குடும்பத்தின் சடங்கு, தீட்டு, சீர், முறை எல்லாம் அவள் நாக்கில் இருக்கின்றன. குலம் இந்த மண்ணுக்குக் குடிபெயர்ந்து வந்த ஐதீகத்தைச் சிறுவன் திரவிக்கு அவள்தான் சொல்கிறாள். எழுத்து வடிவில் எதுவும் இல்லாத ஒரு சமூகத்தில் கிழவிதான் ஆவணக் களரி. இந்த ஞாபகம் பெருமைக்காக அல்ல, கடமைக்காக. ஆகவே அது உறுதியானது. முஸ்தபாக்கண்ணுவின் ஞாபகம்போல் சாமானோடு சாமானாகக் கரைவதில்லை.

ஆனால் பத்மநாபன் இதோடு விடவில்லை. புகுந்த வீட்டாரின் பொய்ப்பழியைச் சுமந்து திரவியின் அக்கா திரும்பி வரும்போது, அந்தப் பெண்ணுக்கு வழி திறக்க ஆச்சியின் ஞாபகத்தில் ஒரு முன்னுதாரணமும் இல்லை. குலத்தை இத்தனை காலம் கட்டிக்காத்த அதே முறைகள்தான் அவளைக் கட்டிப்போடுகின்றன. ஆச்சி கொடியவள் அல்ல. அவள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவை என்று அவளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலில் இது இல்லை. பெண்களிடம் ஒரு சமூகம் ஞாபகத்தை ஒப்படைக்கும்போது எதை ஒப்படைக்கிறது, எதை ஒளித்துக்கொள்கிறது என்பதை இந்த இடத்தில் நாவல் காட்டிவிடுகிறது. கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தைக் காரணவரிடம் கொடுக்காமல் அவருடைய ஐந்தாம் மனைவியின் வாயில் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். சொத்து யாருக்குப் போகும் என்பதைக் காரணவர் மறந்தாலும் நஷ்டமில்லை. அவள் மறந்தால் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது 1926-ல். அதுவரை அவள்போன்றவர்களின் ஞாபகம்தான் அவர்கள் கையிலிருந்த ஒரே பத்திரம்.

5

தாமோதர ஆசான் இவர்கள் மூவரிலிருந்தும் வேறு. வீடில்லை. குலப் பெருமையில்லை. கடமையும் இல்லை. அவருக்கு இருப்பது கேட்பவர்கள். ஊர் இளைஞர்கள் சுற்றி உட்கார, புளியமரத்தின் பழைய கதைகள் அவர் வாயிலிருந்து வருகின்றன. எது நடந்தது, எது ஆசான் கட்டியது என்று இளைஞர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவர்களுக்கு இல்லை.

இதைக் கதை சொல்லும் உத்தி என்று பேசியாகிவிட்டது. அதைவிட ஆழமானது ஒன்று இதில் இருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925-லேயே சொன்னார்: ஞாபகம் தனி மனிதனின் பெட்டிக்குள் இருப்பதல்ல, அவன் இருக்கும் கூட்டம் கொடுக்கும் சட்டகத்தில் நிற்பது. கூட்டம் கலைந்தால் ஞாபகமும் கலையும். (அவரே 1945-ல் நாஜிகளின் பூக்கன்வால்ட் முகாமில் செத்துப்போனார்.) இன்றைய மருத்துவமும் சுற்றி இதே இடத்துக்குத்தான் வருகிறது. 'லான்செட்' மருத்துவக் குழு 2024-ல் மறதி நோய்க்கு, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. படிப்பின்மை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. காது கேளாமையும் தனிமையும்கூட இருக்கின்றன. கிழவனுக்குக் கேட்காமல் போவதும் கிழவனைக் கேட்க ஆளில்லாமல் போவதும் ஒரே பட்டியலில்.

ஆசானின் கதைகளில் ஒன்று, மரம் முன்பொரு தடவை வெட்டுக்குத் தப்பிய கதை. தப்புவித்தவர் அவர்தான். நாவலின் பிற்பகுதியில் ஆசான் இல்லை. நகரசபை வருகிறது, பத்திரிகை வருகிறது, தேர்தல் வருகிறது. மரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெருகுகிறார்கள். அதன் ஞாபகம் உள்ளவர் ஒருவரும் இல்லை. கடைசியில் மரம் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறது. மரத்தின் சாவை வியாபாரமும் அரசியலும் செய்த கொலை என்று வாசித்திருக்கிறோம். சரிதான். ஆனால் அந்தக் கொலை சாத்தியமானது ஆசானைச் சுற்றியிருந்த கூட்டம் கலைந்த பிறகு. அது நாவலின் அமைப்பிலேயே இருக்கிறது. முற்பகுதி, பிற்பகுதி என்ற பிளவை வடிவக் கோளாறு என்று குறை சொல்பவர்கள், அந்தப் பிளவுதான் நாவலின் பொருள் என்பதைக் காணவில்லை.

6

பாஷையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பனையேறி ஞாபகம் என்று சொல்லவில்லை. ஓர்மை என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சில் அதுதான் வார்த்தை. மலையாளிக்கும் அதுதான். ஓர்தல் என்ற பழைய தமிழில் அதற்கு வேர் இருக்கிறது. அச்சில் எழுதும்போது மட்டும் நாங்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஞாபகத்தையும் நினைவையும் மாட்டிக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையில் நானும் அதையே செய்திருக்கிறேன்.

ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்வாளர்களும் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு பாஷை பேசுபவர்களுக்கு, ஒரு பாஷை மட்டும் பேசுபவர்களைவிட, நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வருகிறது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. அதாவது பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் சேமிப்பு உண்டு. சந்தையிலும் கடற்கரையிலும் இரண்டு பாஷையில் பேரம் பேசிப் பிழைத்தவர்களுக்கு அது சேர்ந்திருக்கிறது. திருவிதாங்கூரின் தென்கோடியில் அப்படிப் பிழைக்காதவர்கள் எத்தனை பேர்?

நம் எழுத்தாளர்களும் அப்படித்தான். சுந்தர ராமசாமி (1931-2005) கோட்டயத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர். பள்ளியில் தமிழ் படிக்காதவர். பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுதப் பழகினார். அறுபத்தேழாவது வயதில் வெளியிட்ட 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) நாவலில் அவர் திரும்பிப் போன இடம் 1937-39 காலத்துக் கோட்டயம். மீரான் (1944-2019) மலையாளம் படித்தவர். தன் தமிழை மலையாள லிபியில் எழுதி, பிறகு தமிழ் எழுத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இவர்களுடைய நடையில் நாம் ரசிக்கும் அந்நியத் துல்லியம் உத்தியல்ல. ஒரு பாஷையில் வாழ்ந்ததை இன்னொரு பாஷையில் ஞாபகப்படுத்திக்கொள்ளும்போது ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாமதம்தான் நடையாகியிருக்கிறது.

7

இனி வாசல். 'புத்தம் வீடு' நாவலில் அன்பையன் வருகிறான், பனையேறி. அவன் மகன் தங்கராஜ் மேல் லிஸிக்குக் காதல். 1964-ல் ஒரு பனையேறியின் மகனை நாயகனாக்கியது சின்னக் காரியம் இல்லை. அதை ஹெப்சிபா கண்ணியமாகச் செய்தார். ஆனால் கண்ணப்பச்சிக்கு இருப்பதுபோல் ஒரு பழங்காலம் அன்பையனுக்கு நாவலில் விரியவில்லை. அவன் மரம் ஏறுகிறான், இறங்குகிறான். மரத்தைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை. சவ்தா மன்ஸிலின் சாமான்களைச் சுமந்து விற்றுவரும் இஸ்ராயிலுக்கும் இதே கதி. எந்தச் சாமான் எந்த அறையில் எத்தனை வருஷம் இருந்தது என்று எஜமானைவிட அவனுக்குத் தெரிந்திருக்கும். நாவல் முஸ்தபாக்கண்ணுவின் ஞாபகத்தைக் கிழித்துக் காட்டுகிறது. இஸ்ராயிலின் ஞாபகத்தைத் திறக்கவில்லை. உட்கார்ந்திருப்பவனை விமர்சிக்கும்போதுகூட நாவல் அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

விதிவிலக்கு என்று ஜெயமோகனின் 'நூறு நாற்காலிகள்' கதையைச் சொல்லலாம் ('அறம்', 2011). அதில் நாயாடிக் கிழவி இருக்கிறாள். மகன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவன் நாற்காலியில் உட்காருவதை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்துவிடு என்கிறாள். அவளுடைய ஞாபகம் கதையாக வருவதில்லை, பயமாக வருகிறது. அவள் உடம்பு முழுக்க அது இருக்கிறது. ஒரு சமூகம் அவளிடம் வற்புறுத்தி ஞாபகம் வைக்கச் சொன்னது அது ஒன்றைத்தான். தமிழில் முதுமையின் ஞாபகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இது பெரிய காரியம். ஆனால் இங்கேயும் பேசுகிறவன் மகன், படித்தவன். கிழவிக்குச் சொல் இல்லை.

நாவலாசிரியன் சமூகக் கணக்கெடுப்புக்காரன் அல்ல, எல்லோருக்கும் சம பங்கு கொடுக்க அவன் ரேஷன் கடையும் நடத்தவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் அதைக் கேட்கவில்லை. என் புகார் நியாயம் பற்றியதல்ல, கலை பற்றியது. உட்கார்ந்த வாழ்க்கையின் ஞாபகம் காலத்தில் ஓடுகிறது: தாத்தா, அவர் தாத்தா, மகாராஜா. ஆகவே நம் நாவல் வடிவமும் தலைமுறை வடிவமாகிவிட்டது. உழைத்த வாழ்க்கையின் ஞாபகம் இடத்தில் ஓடுகிறது: கிணற்றடி, ஓடைக்கரை, மேற்கே மூன்று. அதற்கு வம்சாவளி இல்லை. வழித்தடம் இருக்கிறது. அந்த ஞாபகத்துக்கு ஏற்ற நாவல் வடிவத்தை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டைப் பற்றிச் சொல் என்று கேட்கத் தெரிந்துகொண்டோம். மரத்தைப் பற்றிச் சொல் என்று கேட்க வரவில்லை.

அடுத்த வருஷம் அவர் மறுபடி வந்தார். மகனும் கூட வந்திருந்தார். மகன் ரப்பர் பால் வெட்டுகிறவர். பனை நின்ற இடமெல்லாம் ரப்பர் ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம், கவுண்டரில் ஆளில்லை. மரங்களைச் சொல்லுங்க பாட்டா என்றேன். பதினொன்றிலிருந்து அல்ல, கிணற்றடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பதினொன்று, பன்னிரண்டு, இருபது தாண்டியது. மகன் ஒரு இடத்தில் குறுக்கிட்டார்: "அப்பா, வடக்கு வரப்புல ஒண்ணு நின்னுதே, அத விட்டுட்டீயளே."

கிழவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது சொல்லாண்டாம்" என்றார். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

போகும்போது மகன் மட்டும் திரும்பி வந்து சொன்னார். பெரியப்பா விழுந்தது அந்த மரத்திலிருந்து.

போன வருஷம் பதினொன்று வரை கேட்டபோதே அந்த மரத்தைத் தாண்டி வந்திருந்தாரா என்று இப்போது யோசிக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்காது. ஒரு மரம் குறைந்தால் மறதி என்றுதான் நான் எழுதியிருப்பேன்.